உப்பை விற்று உப்பை வாங்கலாமா?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள், மரக்காணம் வந்ததும் பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்கள்! கண் கூசும்.

அந்த உப்பு சும்மா வந்துவிடவில்லை. மழை ஓய்ந்ததும் பாத்தி கட்ட வேண்டும். மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். உவர்நீரைப் பாய்ச்சி வெயிலில் காயவிட வேண்டும். விளைந்த உப்பை நீளக் கழி செருகிய பலகையால் வாரி, சுமந்து கரையேற்ற வேண்டும். ஆணும் பெண்ணும் வியர்வை கொட்ட இந்த வேலையைச் செய்கிறார்கள்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் மாலையில் கபடி ஆடுகிறார்கள். அங்கேயும் வியர்வைதான்!

வியர்வை என்றால் என்ன? தண்ணீரும் உப்பும். ஒரு லிட்டர் வியர்வை வெளியேறினால் அதோடு சுமார் 2, 3 கிராம் உப்பும் போய்விடும். ஆளுக்கு ஆள் இது மாறும். போனதை ஈடுகட்ட வேண்டும் என்பது உண்மை. இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் வியாபாரம் உள்ளே நுழைகிறது.

கடைகளில் வண்ண வண்ணப் பொட்டலங்கள் தொங்குகின்றன. "எலக்ட்ரோலைட்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. உள்ளே இருப்பது என்ன? பெரும்பாலும் சர்க்கரை, உப்பு, கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் புளிப்பு, சாயம், வாசனை. உப்பை மூட்டை மூட்டையாக ஏற்றி அனுப்புகிற ஊர், அதே உப்பைச் சிட்டிகை அளவில் விலை கொடுத்து வாங்குகிறது. இது என்ன வேடிக்கை!

உயிர் காத்த கரைசல்

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் அற்பமான பொருள் அல்ல. 1971-ஆம் ஆண்டில் வங்காள அகதிகள் முகாம்களில் காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் மருந்து தீர்ந்து போயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பையும் குளுகோசையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். ஏராளமானோர் பிழைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். அதுதான்.

அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பைக் கண்டு, சர்க்கரைத் தண்ணீருக்கும் அதே பெயரைச் சூட்டி விற்றவர்கள் உண்டு. 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதைத் தடுத்து உத்தரவிட்டது. மருத்துவச் சூத்திரப்படி செய்யப்படாத பானத்தில் அந்தப் பெயர் கூடாது என்றது.

வீட்டில் செய்வதற்குக் கணக்கு எளியது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர். தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை. அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு மட்டும் அதிகமாகக் கூடாது. இதற்கும் அயோடின் கலந்த சமையல் உப்பே வேண்டும். பாத்தியிலிருந்து அள்ளியது ஆகாது. விளையாட்டுக்காரனுக்கு நீர்மோரும் எலுமிச்சை ரசமும் கூடப் போதும்.

டப்பாவின் கதை

பொட்டலத்தால் காசு போவதோடு சரி. டப்பா அப்படி அல்ல.

உடம்பு பருக்க வேண்டும், தோள் திரள வேண்டும் என்று இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். கபடியில் பிடித்தால் விடாத கை வேண்டும். இப்போது ரக்பியும் வந்திருக்கிறது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, குறுக்கே வருபவரை மோதித் தள்ளி ஓடும் ஆட்டம் அது. 2025-இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக் போட்டியில் சென்னை புல்ஸ் அணிதான் கோப்பையை வென்றது. இப்படிப்பட்ட ஆட்டங்களுக்குத் தசை வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை.

"தசை வேண்டுமா? இந்தப் பவுடரைக் குடி!" என்று யாராவது சொல்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பையன் புரோட்டீன் பவுடர் டப்பாவை வாங்கி வருகிறான். உப்பளத்தில் தாய் பல நாள் சுமந்த கூலி அது.

எல்லா டப்பாவும் நஞ்சு என்று சொல்வது நியாயம் அல்ல. நல்ல பவுடர் பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம்தான். ஆனால் டப்பாவின் மேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா?

கேரளத்து டாக்டர்கள் இடம் பெற்ற ஒரு குழு, இந்தியாவில் விற்கும் 36 பவுடர்களைச் சோதித்தது. முடிவு 2024-இல் வெளியாயிற்று. 25 பவுடர்களில் புரத அளவு எழுதியபடி இல்லை! சிலவற்றில் பாதி கூட இல்லை. 5 பவுடர்களில் பூஞ்சையால் உண்டாகும் நஞ்சு இருந்தது. அது ஈரலைக் கெடுக்கக் கூடியது.

அதே 2024-இல் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் மக்களுக்கு உணவு யோசனைகளை வெளியிட்டது. உடம்பை வளர்ப்பதற்காகப் புரதப் பவுடர் வேண்டாம் என்று அதில் சொல்லியிருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரை பலன் உண்டு. அதற்கு மேல் எவ்வளவு சாப்பிட்டாலும் தசை கூடாது என்பது அதன் கருத்து.

பதக்கத்தைப் பறிக்கும் பொடி

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. சில டப்பாக்களில், எழுதாத சரக்கும் சேர்ந்துவிடுகிறது. ஒரே இயந்திரத்தில் பல பொருள்களை அரைப்பதால் சிலவற்றில் ஒட்டிக்கொள்கிறது. "பத்தே நாளில் பலன்" காட்ட வேண்டும் என்று வேண்டுமென்றே கலப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சரக்கு, விளையாட்டில் தடை செய்யப்பட்ட ஊக்க மருந்தாக இருந்தால்?

2010-ஆம் ஆண்டு நவம்பரில் தென் ஆப்பிரிக்க ரக்பி அணி அயர்லாந்து சென்று ஆடியது. ஆட்டம் முடிந்து சோதித்தபோது சிலிபாய் ரலேபெல்லே, பியோர்ன் பேசன் ஆகிய இரு வீரர்களின் சிறுநீரில் தடை செய்யப்பட்ட ஒரு ஊக்கப் பொருள் தெரிந்தது. இருவரும் உடனே ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். விசாரணையில் வெளிவந்தது என்ன? அணிக்கே வழங்கப்பட்ட சத்துப் பொருளில்தான் அது இருந்தது! 2011 ஜனவரியில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். (ரலேபெல்லே பிற்காலத்தில் வேறு பொருள்களுக்காகத் தண்டனை அடைந்தார். அது தனிக் கதை.)

அவர்களுக்கு நாட்டு அணி இருந்தது, டாக்டர் இருந்தார், வக்கீல் வைக்கப் பணம் இருந்தது. மரக்காணத்துப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? "எனக்குத் தெரியாது, கடைக்காரர் கொடுத்தார்" என்றால் சட்டம் சும்மா விடாது. உடம்பில் எது இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பது உலக விதி. சில மருந்துகளுக்கு 4 ஆண்டுத் தடை உண்டு. ஆட்டக்காரனின் வாலிபத்தில் 4 ஆண்டு என்றால் மிச்சம் என்ன இருக்கும்?

திருச்சி மாவட்டம் முடிகண்டம் கிராமத்துப் பெண் கோமதி மாரிமுத்து, 2019-இல் தோகாவில் நடந்த ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கியபோது தமிழ்நாடே கொண்டாடியது. பிறகு சோதனையில் ஸ்டீராய்டு தெரிந்தது. தவறு செய்யவில்லை என்று அவர் மறுத்தார். ஆனாலும் 4 ஆண்டுத் தடை; பதக்கமும் போயிற்று. அது எப்படி உடம்புக்குள் வந்தது என்பது வேறு விஷயம். தண்டனையின் கடுமை எவ்வளவு என்பதைப் பெற்றோர்கள் இதிலிருந்து அறியலாம்.

2023-இல் இந்திய வீரர்களிடம் எடுத்த 5,606 மாதிரிகளில் 213-இல் ஊக்க மருந்து தெரிந்தது. அதிகமாகச் சோதனை நடத்தும் நாடுகளில் இதுவே மிக மோசமான விகிதம்.

திண்டிவனத்துக் கடலை இருக்க...

சரி, டப்பா வேண்டாம். புரதத்துக்கு எங்கே போவது?

வெகுதூரம் போக வேண்டாம்! மரக்காணத்துக்கு மேற்கே திண்டிவனம் இருக்கிறது. அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை ரகங்கள் "டி.எம்.வி." என்ற பெயரோடு நாடெங்கும் விளைந்தன. 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம் புரதம் இருக்கிறது.

70 கிலோ எடையுள்ள ஆட்டக்காரனை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன கணக்குப்படி அவனுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 112 கிராம் புரதம். நிலக்கடலை 100 கிராம், முட்டை 3, பால் அரை லிட்டர், கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம், கடல் மீன் 150 கிராம், வழக்கமான மூன்று வேளைச் சோறு. கூட்டிப் பாருங்கள்: 112-ஐத் தாண்டிவிடும்! மத்தி மீன் இந்தக் கரைக்குப் புதியதா? மீன் கிடைக்காத நாளில் பருப்பும் பயறும் கூட்டிக்கொள்ளலாம்.

ஆனால் இதை எழுதுவது எளிது. வாங்குவது எளிது அல்ல. தினம் 3 முட்டையும் அரை லிட்டர் பாலும் கூலிக்காரர் வீட்டில் ஒரே பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா? தங்கைக்கு வேண்டாமா? டப்பா ஜெயிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல சாப்பாடு கிடைக்காத வெறுமையை, ஒரு கரண்டிப் பொடி நிரப்பும் என்று அது ஆசை காட்டுகிறது.

உப்பளக் கரையில் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர் 352 பேரைச் சோதித்தார்கள். 2023-இல் வெளியான அந்த ஆய்வில், 100-க்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் செய்த வேலை. பகலில் உப்பு வாரி, மாலையில் ஆடி, போதிய தண்ணீர் குடிக்காத இளைஞன், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியையும் கரைத்துக் குடிப்பது விஷப் பரீட்சை.

செய்ய வேண்டியது என்ன? உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஓட்டல்களில் சோதனை போடுவதைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். சிற்றூர் ஜிம்களிலும் கடைகளிலும் விற்கும் டப்பாக்களையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். ஊக்க மருந்துத் தடை பற்றிய விதிகள் கபடிக் குழுத் தலைவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் கிராமத்துக்கு வர வேண்டும்.

முட்டைக்கும் வழி உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 10-ஆம் வகுப்பு வரை சத்துணவில் வாரம் 5 நாள் முட்டை தருகிறார்கள். 11-ஆம் வகுப்புக்குப் போனதும் அது நின்றுவிடுகிறது. பையன் உண்மையாக ஆட்டக்காரனாக வளரும் வயது அதுதான். பள்ளி அணியிலும் ஊர் அணியிலும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், மாலையில் இரண்டு அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் கொடுக்க அரசு திட்டம் போட வேண்டும். அவிக்கச் சத்துணவுக் கூடம் ஊருக்கு ஊர் இருக்கிறது, அடுப்பும் இருக்கிறது.