அதிபர் தேர்தலும் ஒரு பழைய அச்சமும்

அமெரிக்காவில் அதிபர் பதவிக்குப் போட்டியிடுவோர் ஜனங்களின் நம்பிக்கையையோ பயத்தையோ தட்டி எழுப்பாமல் வெற்றி காண்பது அபூர்வம். 1933-இல் பதவியேற்ற ரூஸ்வெல்ட் பயத்தையே நாட்டின் முதற்பகையாகக் காட்டினார், 2008-இல் ஒபாமா நம்பிக்கை என்னும் ஒரு சொல்லையே கொடியாக உயர்த்தினார். சிங்கப்பூரிலோ அதிபருக்கு நாட்டை ஆளும் அதிகாரம் இல்லை; கடந்தகால நிதியிருப்பின் இரண்டாம் சாவியைக் காப்பதும், முக்கிய நியமனங்களுக்கு இசைவு தருவதும் மறுப்பதுமே அவருடைய பிரதான கடமைகள். எனினும், நம்முடைய தேர்தலிலும் நம்பிக்கையும் பயமும் எதிரெதிரே நின்றிருக்கின்றன; ஒரே வித்தியாசம், இங்கே பயம் மேடைப் பேச்சில் ஒலிக்காமல் அரசியல் சாசனத்திலேயே இடம் பெற்றிருக்கிறது.

இனம், மொழி, சமயம் என்னும் பேதங்களைக் கடந்து ஒரே மக்களாக வாழ்வோம் என்ற தேசிய உறுதிமொழியை 1966-இல் வரைந்தவர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம். 1964-இன் இனக் கலவரங்களில் உற்றாரை இழந்தவர்களின் துக்கம் ஆறுவதற்கு முன்னரே, மலேசியாவிலிருந்து பிரிந்து ஓராண்டுகூட நிறையாத ஒரு சிறு தீவுக்காக அவர் எழுதிய அவ்வாசகம், கண்ணெதிரே இருந்த நிலைமையின் வர்ணனையன்று. அடைய வேண்டிய லட்சியம். அது லட்சியமே என்பதை 2009-இல் லீ குவான் இயூ நாடாளுமன்றத்தில் சற்றுக் கடுமையாகவே நினைவூட்டினார்.

லட்சியம் இன்னும் கைகூடவில்லை என்ற அச்சம் 2016-இல் சட்ட வடிவம் பெற்றது. தொடர்ந்து ஐந்து தவணைகளில் ஓர் இனத்தவர் அதிபராகாவிடில், அடுத்த தேர்தல் அவ்வினத்தவருக்கே ஒதுக்கப்படும் என்பது ஏற்பாடு. அதன்படி 2017-இல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்ட தேர்தலில், தகுதிச் சான்றிதழ் பெற்றவர் ஹலிமா யாக்கோப் ஒருவரே. ஆதலின், வாக்குப்பதிவே நடைபெறவில்லை. அவ்வம்மையாரின் தகுதியில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், முக்கால் பங்கினர் சீனராயுள்ள வாக்காளர் சிறுபான்மையினர் ஒருவரைத் தாமே தேர்ந்தெடுப்பார்களா என்ற கேள்வி, எஸ். ஆர். நாதன் 1999-இலும் 2005-இலும் போட்டியின்றி வந்தபோது எப்படி விடையின்றி நின்றதோ, அப்படியே அன்றும் நின்றது.

விடை 2023 செப்டம்பர் 1-ஆம் நாள் வந்தது. அனைவருக்கும் மரியாதை என்பதை முழக்கமாகவும், சீனர் மங்கலமாகக் கருதும் அன்னாசிப்பழத்தைச் சின்னமாகவும் கொண்டு நின்ற தர்மன் சண்முகரத்னம் (சின்னத்தைத் தெரிந்தெடுத்த சாதுரியத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை), இரு சீன வேட்பாளர்களை எதிர்த்து 70.4 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் தமிழர் மகிழ்ந்தது இயல்பே.

ஆனால், அந்த மகிழ்ச்சியில் நிதானம் வேண்டும். நிதியமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் நீண்டகாலம் விளங்கி, உலக அரங்கிலும் கீர்த்தி பெற்ற ஒருவருக்குக் கிடைத்த தீர்ப்பை, அத்தகைய புகழில்லாத ஓர் இந்தியருக்கோ மலாய்க்காரருக்கோ கிடைக்கக்கூடிய தீர்ப்பாகக் கொள்வது அவசரமாகும். ஒதுக்கீட்டு விதியை இப்போதே நீக்கிவிட வேண்டும் என்று கோருவாரோடு ஆகவே எனக்கு உடன்பாடில்லை; வாக்காளர் இவ்வாறே நடந்துகொண்டு வந்தால் அவ்விதிக்கு வேலையே இராது, வேலையற்ற சட்டம் எவருக்கும் கேடு செய்வதுமில்லை.

எனக்குள்ள கவலை வேறு. சீனர் தம் இனத்தைப் பாராமல் வாக்களித்ததை வியந்து போற்றும் நாம், நம்மவர் என்ற ஒரே காரணத்தால் வாக்களித்திருந்தால், ராஜரத்தினத்தின் உறுதிமொழியைக் காத்தவர்கள் அவர்களே அன்றி நாமல்லோம். தர்மனின் ஆறாண்டுத் தவணை 2029-இல் முடிகிறது. அடுத்த தேர்தலில் தமிழர் எவரும் நில்லாமற் போகலாம். அன்று தமிழ் வாக்காளர் ஒவ்வொருவரும் வேட்பாளரின் பெயரைப் பார்ப்பதற்கு முன், அவர் ஆற்றிய பணியை விசாரித்து வாக்களிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.