வானத்தில் பழுதா, வயரில் பழுதா? காவலூர் தொலைநோக்கிக்குத் தேவைப்படும் இன்னொரு கண்

திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வான் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி, 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி என்று படிப்படியாக வளர்ந்த இடம். இதெல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கே தெரியும்.

அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. இன்றைய பெரிய தொலைநோக்கிகளில் யாரும் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. கண்ணாடி சேர்த்துத் தரும் ஒளியை ஒரு கேமரா வாங்குகிறது, கேமராவிடமிருந்து கணினி வாங்குகிறது. உலகம் முழுக்க வான் ஆய்வகங்களில் அந்தக் கணினியில் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ், அதாவது யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளம். அது நின்றுபோனால் எவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தும் பிரயோஜனம் இல்லை. அந்தக் கணினியின் அடிவயிற்றில் என்ன நடக்கிறது என்று படிக்கத் தெரிந்த ஆள்தான் தொலைநோக்கியின் இன்னொரு கண். அந்த ஆளை உருவாக்குவதில் நாம் போதுமான அக்கறை காட்டுவதில்லை.

பழுது பார்ப்பதற்கும் வானியலுக்கும் என்ன சம்பந்தம்? காவலூரிலேயே பதில் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்து போக இருந்தது. 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்த நட்சத்திரத்தின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே ஒளி சட்டென்று மங்கி, பிறகு பழைய நிலைக்கு வந்தது.

மேகமா? தொலைநோக்கி நகர்ந்துவிட்டதா? மின்சுற்றில் கோளாறா? கருவியோடு பழகியவர்களுக்கு முதலில் எழும் சந்தேகங்கள் இவைதான். ஜே.சி.பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அது கருவிக் கோளாறு இல்லை என்ற முடிவுக்கு வந்து, யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் இருக்கலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்காவின் கைப்பர் விமான ஆய்வகம், கோளின் இரண்டு பக்கமும் பலமுறை ஒளி மங்கியதைப் பதிவு செய்திருந்தது. பதிவுகளை நேரத்தோடு நேரம் ஒப்பிட்டபோது, அது துணைக்கோள் இல்லை, வளையங்கள் என்று தெரிந்தது. முதல் விளக்கம் மாறிவிட்டது. மூலப் பதிவும் அதில் குறித்த நேரமும் மட்டும் நிலைத்தன. அவை ஒழுங்காக இருந்ததால்தான் விளக்கத்தைத் திருத்த முடிந்தது.

இன்று அந்தப் பதிவும் நேரமும் லினக்ஸின் கையில். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். இரவு 2 மணி, வானம் துல்லியமாக இருக்கிறது, கேமரா பதில் சொல்ல மறுக்கிறது. பெரும்பாலானவர்கள் என்ன செய்வார்கள்? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார்கள். ஓடிவிட்டால் சந்தோஷம். ஆனால் லினக்ஸின் கருநிரல், அதாவது கெர்னல், தன் குறிப்புகளை நினைவகத்தில்தான் முதலில் எழுதுகிறது. வட்டில் சேமிக்க ஏற்பாடு செய்யாமல் மறுதொடக்கம் செய்தால் அந்தக் குறிப்புகள் போய்விடும். திருட்டு நடந்த வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு போலீஸைக் கூப்பிடுகிற மாதிரி.

விஷயம் தெரிந்தவர் முதலில் ‘டிமெசேஜ்’ கட்டளை கொடுத்து அந்தக் குறிப்புகளைப் படிப்பார். பிறகு ‘எஸ்-டிரேஸ்’ கருவியை வைத்து, நிரல் கெர்னலிடம் கடைசியாக என்ன கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது என்று பார்ப்பார். காரணம் பல நேரம் சப்பென்று இருக்கும். யுஎஸ்பி வழியாகச் செருகிய இரண்டு கருவிகளுக்கு, கண்டுபிடித்த வரிசையில் 0, 1 என்று லினக்ஸ் பெயர் வைக்கிறது. கரண்ட் போய் வந்ததும் வரிசை மாறிவிட்டால், கேமராவுக்குப் போக வேண்டிய கட்டளை வடிகட்டிச் சக்கரத்துக்குப் போகும். இரண்டுமே முழிக்கும். கருவியின் வரிசை எண்ணைப் பார்த்து நிரந்தரப் பெயர் வைக்கும் ஒரு வரி விதியை எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மறுதொடக்கம் செய்தே ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு வரி கடைசிவரை கிடைக்காது.

நேரம் இன்னும் நுணுக்கமான சமாச்சாரம். 2012 ஜூன் 30 நள்ளிரவு, உலக நேரக் கணக்கில் ஒரு லீப் நொடி சேர்க்கப்பட்டது. நமக்கு அது ஜூலை 1 அதிகாலை 5.30 மணி. அந்த நொடியில் உலகெங்கும் பல லினக்ஸ் சர்வர்கள் திணறின. ரெட்டிட், மொசில்லா போன்ற தளங்கள்கூடப் பாதிக்கப்பட்டன. காரணம், கெர்னல் கடிகாரத்தை ஒரு நொடி திருத்திவிட்டு, அதை உள்ளே இருக்கும் நுண் டைமர்களுக்குச் சொல்லவில்லை. ‘கொஞ்சம் தூங்கி எழுந்திரு’ என்று கேட்ட நிரல்களை அவை உடனுக்குடன் எழுப்பிவிட, பிராசசர் சும்மாவே முழு வேகத்தில் சுற்றியது. தீர்வு வேடிக்கையானது: இப்போதைய நேரத்தையே எடுத்து மறுபடி அதே கடிகாரத்தில் வைத்தால் போதும். மறுதொடக்கம் செய்தவர்களுக்கும் சரியானது உண்மைதான். ஆனால் கெர்னலைத் திறந்து வரி வரியாகப் படித்தவர்கள் இருந்ததால்தான் நிரலில் இருந்த ஓட்டை அடைபட்டது.

‘ஏஎம்சி போட்டிருக்கிறோமே, கம்பெனிக்காரர் வந்து பார்ப்பார்’ என்பது வழக்கமான பதில். அறிவியல் கருவிகளுக்கு அது எடுபடாது. கண்ணாடி ஐம்பது ஆண்டு உழைக்கும். கேமராவின் டிரைவர் நிரலோ ஏதோ ஒரு பழைய கெர்னலுக்கு மட்டும் எழுதப்பட்டு, மூல நிரல் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். இயங்குதளத்தைப் புதுப்பித்தால் கேமரா ஓடாது, புதுப்பிக்காவிட்டால் பாதுகாப்பு இருக்காது. வானியலாளர்கள் பல தலைமுறையாகப் பயன்படுத்திய ‘ஐராஃப்’ மென்பொருளையே பாருங்கள். அமெரிக்காவின் டூசான் நகரில் 1980-களில் உருவானது. அங்கே வளர்ச்சி நின்றுபோனபின், மூல நிரல் திறந்திருந்ததால்தான் பயனர்கள் கையிலெடுத்துப் பராமரிக்கிறார்கள். பூட்டியிருந்தால் அன்றைக்கே சமாதி.

எனவே, பொதுப்பணத்தில் கருவி வாங்கும்போது டிரைவரின் மூல நிரலையும் கேட்டு வாங்குவதை டெண்டரிலேயே நிபந்தனையாக்க வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரை எண்ணிக்கையை வைத்து அளக்காத, நிரல் பராமரிப்புக்கென்றே நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும். மலைக்குக் கீழே வாணியம்பாடியிலும் திருப்பத்தூரிலும் வேலூரிலும் கல்லூரிகள் இருக்கின்றன. கணினி அறிவியல் மாணவர்கள் கடைசி ஆண்டு புராஜெக்டை விலைக்கு வாங்குவதைவிட, ஒரு பருவம் காவலூர் போன்ற இடத்தில் உட்கார்ந்து ஒரு டிரைவரைப் பிரித்து மேயலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அவசரமா என்றால், ஒரு தேதி குறிக்கப்பட்டே இருக்கிறது. யூனிக்ஸ் குடும்பம் 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை எண்ணி நேரம் சொல்கிறது. அந்த எண்ணை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய கணினிகளில், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இடம் தீர்ந்துவிடும். அடுத்த நொடியில் அவை 1901-க்குத் திரும்பிப் போகும். எந்தெந்த ஆய்வகத்தின் மூலையில் அப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்ற பட்டியலை இப்போதே எடுக்கத் தொடங்கலாம்.