சம்பளத்துக்கு ஓட்டுப் போடும் தேசம்

2014-ஆம் வருஷம் மே மாதம் 18-ஆம் தேதி ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜனங்களின் முன் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. "வேலை எதுவாயினும் சரி, மணிக்கு 22 பிராங்குக்குக் குறைந்து கூலி கொடுக்கலாகாது என்று தேசம் முழுவதற்கும் சட்டம் செய்யலாமா?" என்பதே அந்தக் கேள்வி. அது நிறைவேறியிருந்தால், உலகத்திலுள்ள குறைந்தபட்சக் கூலிச் சட்டங்களுள் அதுவே மிக உயர்ந்ததாக விளங்கியிருக்கும். நம்மிடம் யாராவது இப்படிக் கேட்டால், கேள்வி முடியுமுன்பே இரண்டு கைகளையும் தூக்கி விடுவோம். ஸ்விஸ் ஜனங்களோ நிதானமாக யோசித்தார்கள். நூற்றுக்கு 76 பேர் "வேண்டாம்" என்று ஓட்டுப் போட்டார்கள்!

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2012 மார்ச் மாதத்தில், இன்னொரு கேள்வி வந்தது. "உழைப்பாளர் அனைவருக்கும் வருஷத்தில் ஆறு வாரம் சம்பளத்தோடு லீவு கொடுக்கலாமா?" என்று கேட்டார்கள். அதற்கும் மூன்றில் இரண்டு பங்கினர் "கூடாது" என்று விட்டார்கள். கொடுக்கிறோம் என்கிற லீவை மறுத்த மனிதர்கள் பூலோகத்தில் உண்டென்றால், நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நம்புவார்களா? பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள்தான் நம்புவார்களா?

இவர்கள் பணத்தில் ஆசையில்லாத ஞானிகளோ என்று நினைத்து விடவேண்டாம். கணக்குப் பார்ப்பதில் அவர்களுக்கு நிகர் அவர்களே. அவர்கள் போட்ட கணக்கு என்ன என்பதைத்தான் இந்த வாரம் சற்று ஆராயப் போகிறோம். வெளிநாட்டுச் சம்பளத்தைப் பற்றி வீட்டுத் திண்ணைகளில் நடைபெறும் வாதங்களுக்கும் இது ஓரளவு பயன்படலாம்.

முதலில் தொகையைப் பார்ப்போம். அந்நாட்டு சர்க்கார் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சம்பளக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2022-ஆம் வருஷத்துக் கணக்கின்படி, முழு நேர வேலைக்கு நடுமட்டச் சம்பளம் மாதம் 6,788 பிராங்கு. நடுமட்டம் என்றால் சராசரி அல்ல. ஒரு பெரும் பணக்காரரும் ஒன்பது ஏழைகளும் ஓர் அறையில் இருந்தால், சராசரிக் கணக்கில் பத்துப் பேரும் பணக்காரராகி விடுவார்கள். ஆனால் ஒருவர் வயிறும் அதனால் நிரம்பாது. ஆகையால் தேசத்து உழைப்பாளர் எல்லோரையும் சம்பள வரிசைப்படி நிறுத்தி, நட்ட நடுவில் நிற்பவரைப் பிடித்து, "உமக்கு எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். அவர் சொல்லும் தொகைதான் நடுமட்டச் சம்பளம்.

ஒரு பிராங்கு இப்போது நூறு ரூபாய்க்கு மேல். ஆகவே அந்த நடு மனிதரின் மாதச் சம்பளம் நம் கணக்கில் ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல்! அங்கே பல ஸ்தாபனங்களில் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதச் சம்பளம் கொடுப்பது வழக்கமாயிருக்கிறது. பஞ்சாங்கத்தில் இல்லாத அந்தப் பதின்மூன்றாவது மாதம் டிஸம்பரை ஒட்டிப் பிறக்கிறது.

இதைக் கேட்டவுடன் மூட்டை கட்டத் தொடங்கும் வாலிபர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். சம்பளம் அந்த ஊர் நாணயத்தில் வருகிறது. செலவும் அந்த ஊர் நாணயத்தில்தான் ஆகிறது. 1996 முதல் அங்கே ஒவ்வொருவரும் வைத்திய இன்ஷுரன்ஸ் எடுத்தே தீரவேண்டும். அந்தக் கட்டணம் சம்பளத்தைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை. தலைக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுகிறது. பாங்கு முதலாளிக்கும் பாத்திரம் துலக்குகிறவருக்கும் ஒரே ஊரில் ஏறக்குறைய ஒரே கட்டணம்தான். வயது வந்தவருக்கு அது மாதம் 400 பிராங்குக்கு மேலாகிறது. குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு மாகாண சர்க்கார் உதவி செய்வது உண்மை. என்றாலும் நடுத்தரக் குடும்பத்தாருக்கு மாதா மாதம் அது ஒரு பெரிய சுமை. இதுவன்றி முதுமைக் கால நிதிகளுக்குச் சம்பளத்திலேயே பிடித்துக் கொள்கிறார்கள். வரியோ, ஸ்வதேசப் பிரஜைகளுக்குச் சம்பளத்தில் பிடிக்கப்படுவதில்லை. பின்னால் சீட்டு வரும். பணம் கையிலிருந்தபோது அதை மறந்து விட்டவர்கள், சீட்டு வரும்போது நினைத்துக் கொள்கிறார்கள். பத்துக் குடும்பங்களில் ஆறு வாடகை வீட்டில் வாழ்கின்றன. குழந்தையைக் காப்பகத்தில் ஒரு நாள் விடுவதற்கு நகரங்களில் நூறு பிராங்குக்கு மேல் ஆகிறது. 2022-ஆம் வருஷத்தில் அந்தச் செல்வ பூமியிலேயே நூற்றுக்கு எட்டுப் பேர், அதாவது சுமார் ஏழு லட்சம் பேர், வறுமைக் கோட்டின் கீழ் இருந்தார்கள் என்பது அந்த சர்க்காரே வெளியிட்ட கணக்கு.

இனி, ஒருவருக்கு அதிகமும் மற்றொருவருக்குக் குறைவுமாக ஏன் கிடைக்கிறது என்று பார்க்கலாம்.

முதற் காரணம் தொழில். மருந்து உற்பத்தியிலும் பணத் தொழிலிலும் நடுமட்டச் சம்பளம் 10,000 பிராங்கைத் தாண்டுகிறது. ஹோட்டல் தொழிலில் 4,500-க்குச் சற்று மேலேதான் நிற்கிறது. ஹோட்டல்காரர் குறைவாக உழைக்கிறார் என்பதல்ல காரணம். மருந்துத் தொழிற்சாலையில் ஒருவர் உழைப்பினால் விளையும் விற்பனை மதிப்பு மிகப் பெரிது. ஒரு கோப்பைக் காப்பிக்கு எவ்வளவுதான் விலை சொல்ல முடியும்?

இரண்டாவது காரணம் இடம். ஸ்விட்ஸர்லாந்து சின்னஞ்சிறு தேசம். அதற்குள் 26 மாகாணங்கள். சூரிக் பிரதேசத்தில் நடுமட்டம் 7,000-க்கு மேல். ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே, இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ மாகாணத்தில் சுமார் 5,600. ஏனென்றால் எல்லைக்கு அப்பால் இத்தாலி இருக்கிறது. காலையில் எல்லை தாண்டி வந்து, வேலை செய்து, மாலையில் வீடு திரும்புகிறவர்கள் அந்த மாகாணத்தில் மட்டும் எழுபதினாயிரம் பேருக்கு மேல். தேசம் முழுவதிலும் சுமார் நாலு லட்சம் பேர். இத்தாலிய விலைவாசியில் குடும்பம் நடத்துகிறவருக்கு டிச்சினோவின் குறைந்த சம்பளமும் பெரிய சம்பளமே. டிச்சினோவில் குடியிருப்பவருக்குத்தான் அது போதவில்லை.

மூன்றாவது காரணம் பயிற்சி. அங்கே பள்ளிப் படிப்பு முடிந்ததும் மூன்றில் இரண்டு பங்கு இளைஞர்கள் கல்லூரியை நோக்கி ஓடுவதில்லை. ஒரு ஸ்தாபனத்தில் பயிற்சியாளராகச் சேருகிறார்கள். வாரத்தில் சில நாள் வேலை, சில நாள் வகுப்பு. பயிற்சிக் காலத்திலேயே சிறு சம்பளமும் உண்டு. தச்சரும் மின்சாரக்காரரும் பாங்கு குமாஸ்தாவும் இப்படித்தான் உருவாகிறார்கள். தேசத்தின் மிகப் பெரிய பாங்கான யு.பி.எஸ்.ஸின் தலைமை நிர்வாகியாக விளங்கிய ஸெர்ஜியோ எர்மோத்தி, லுகானோ நகரத்துப் பாங்கு ஒன்றில் பயிற்சிப் பையனாகத் தொடங்கியவர். கைத்தொழில் கற்றவனுக்கு மதிப்பும் நல்ல கூலியும் கிடைக்கிற ஊரில், எல்லோரும் ஒரே வாசலில் முட்டி மோத வேண்டியதில்லை.

நான்காவது காரணம் சற்றுக் கசப்பானது: ஆணா, பெண்ணா என்பது. 1981-லேயே சமமான வேலைக்குச் சமமான சம்பளம் என்று அரசியல் சாஸனத்தில் எழுதி விட்டார்கள். எழுதியதோடு சரி! பத்து வருஷம் காத்துப் பார்த்த பெண்கள், 1991 ஜூன் 14-ஆம் தேதி வேலையை நிறுத்தி விட்டு வீதிக்கு வந்தார்கள். ஜூரா மலைப் பள்ளத்தாக்கில் கடிகாரத் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்கள்தான் முதலில் அந்த யோசனையைக் கிளப்பினார்கள். அன்று கலந்து கொண்டவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். 1996-ல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. அப்படியும் 2022-ல் பெண்களின் நடுமட்டச் சம்பளம் ஆண்களுடையதைவிட நூற்றுக்கு ஒன்பதரை குறைவாகவே இருந்தது. சம்பள வித்தியாசத்தில் சுமார் பாதிக்குத்தான் பதவி, தொழில் முதலிய காரணங்களைச் சொல்ல முடிகிறது; மற்றப் பாதிக்கு யாரும் காரணம் சொல்லக் காணோம். மேலும் இவையெல்லாம் முழு நேரக் கணக்கு. குழந்தைக் காப்பகத்தின் செலவுக்கு அஞ்சிப் பாதி நேரம் வேலை பார்க்கும் தாயாருக்கு உண்மையில் கைக்கு வருவது இன்னும் குறைவு.

ஐந்தாவது காரணம், வந்தவரா, பிறந்தவரா என்பது. அந்நாட்டின் அணைகளையும் சுரங்கப் பாதைகளையும் கட்டியவர்களில் பெரும்பாலோர் இத்தாலி முதலிய தேசங்களிலிருந்து வந்த பருவ வேலைக்காரர்கள். வருஷத்தில் ஒன்பது மாதம் தங்கலாம். பிறகு ஊர் திரும்ப வேண்டும். மனைவி மக்களை அழைத்து வரக்கூடாது. இப்படி ஒரு சட்டம் 2002 வரையில் இருந்தது. பிள்ளைகளைப் பிரிய மனமில்லாமல் இரகசியமாக அழைத்து வந்து, பக்கத்து வீட்டாருக்குக் கேட்கப் போகிறதே என்று அவர்களைச் சத்தம் போடாமல் அறைக்குள்ளேயே ஒளித்து வளர்த்த பெற்றோர் அநேகர். அந்தக் கூலியின் உண்மையான விலையை எந்தப் புள்ளி விவரத்தில் எழுதுவது?

இலங்கையில் 1983-க்குப் பின் மூண்ட யுத்தத்தினின்றும் தப்பிச் சென்ற தமிழர்களும் அவர்கள் சந்ததியாரும் அங்கே இன்று சுமார் 50,000 பேர் இருக்கிறார்கள். ஊரில் படித்து உத்தியோகம் பார்த்தவர்களில் பலர், அங்கே ஹோட்டல் சமையலறைகளில் பாத்திரம் துலக்கியும் ஆஸ்பத்திரிகளில் பணி செய்தும் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். ஊரில் வாங்கிய பட்டத்துக்கு அங்கே செலாவணி இல்லை. அவர்களுடைய மக்கள் அங்கேயே பயிற்சி பெற்று, பாங்குகளிலும் ஆபீஸ்களிலும் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு தலைமுறை குனிந்து நின்றதனால் மறு தலைமுறை நிமிர்ந்தது.

இவ்வளவு காரணங்கள் இருந்தும், மொத்தத்தில் அங்கே ஏற்றத்தாழ்வு வெகு தூரம் போய் விடவில்லை. 2022-ல் கீழ்ப் பத்தில் ஒரு பங்கினர் 4,487 பிராங்குக்குக் குறைவாகவும், மேல் பத்தில் ஒரு பங்கினர் 12,178 பிராங்குக்கு அதிகமாகவும் சம்பாதித்தார்கள். இரண்டு எல்லைக்கும் உள்ள தூரம் மூன்று மடங்குகூட இல்லை. தேசம் முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லாமலே இது எப்படி நடந்தது?

இங்கேதான் முதலில் சொன்ன ஓட்டின் ரகசியம் இருக்கிறது. 1918 நவம்பரில் ஸ்விட்ஸர்லாந்தில் பொது வேலை நிறுத்தம் நடந்தது. இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். பட்டாளம் வீதியில் இறங்கியது. மூன்றாம் நாள் தொழிலாளர் பணிந்தனர். தோற்றார்களே தவிர, அவர்கள் கேட்டவை வீண் போகவில்லை. வாரத்துக்கு 48 மணி நேர வேலை மறு வருஷமே வந்தது. முதியோர் இன்ஷுரன்ஸ் 1948-ல் வந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை மட்டும் 1971 வரை காத்திருக்க நேர்ந்தது! 1937-ல் இயந்திரத் தொழிலில் முதலாளிகளும் தொழிற் சங்கங்களும் எதிரெதிரே உட்கார்ந்து, "சண்டை வேண்டாம், பேசித் தீர்ப்போம்" என்று ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். அது முதல் தொழிலுக்குத் தொழில் கூட்டு ஒப்பந்தம் செய்து கூலியை நிர்ணயிக்கும் பழக்கம் வேரூன்றியது. "பேசி முடிக்கிற விஷயத்தில் சட்டம் ஏன் தலையிட வேண்டும்?" என்பதுதான் 2014-ல் அவர்கள் போட்ட கணக்கு.

ஆனால் பேரம் பேசும் மேஜைக்கு எல்லோருக்கும் நாற்காலி கிடைக்கிறதா? உழைப்பாளரில் சுமார் பாதிப் பேர்தான் கூட்டு ஒப்பந்தத்துக்கு உட்பட்டவர்கள். மற்றவர்களின் நிலை 2020-ல் தெரிந்தது. கொரோனாத் தொற்றினால் வீடுகளும் ஹோட்டல்களும் பூட்டப்பட்டபோது, உலகத்தின் செல்வ நகரங்களுள் ஒன்றான ஜினீவாவில், இருபது பிராங்கு பெறுமான மளிகைப் பைக்காக ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு மைல் நீளத்துக்கு வரிசையில் நின்றார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களும் சில்லறைக் கூலிக்காரர்களும்தான் அதில் அதிகம். அதே வருஷம் செப்டம்பர் 27-ஆம் தேதி, அதுவரை அந்த யோசனையை மறுத்து வந்த ஜினீவா மாகாணம், மணிக்கு 23 பிராங்குக்குக் குறைந்து கூலி கூடாது என்று நூற்றுக்கு 58 ஓட்டுகளால் தீர்மானித்தது. தேசம் மறுத்ததை ஊர் ஏற்றுக் கொண்டது. வரிசையைக் கண்ணால் பார்த்தவர்கள் கணக்கை மாற்றிப் போட்டார்கள்.

ஆகவே, வெளிநாட்டுச் சம்பளம் ஒன்று காதில் விழும்போது, ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதோடு நின்று விடவேண்டாம். எந்த ஊர், எந்தத் தொழில், வாடகை எவ்வளவு, இன்ஷுரன்ஸ் எவ்வளவு, பெற்ற பட்டம் அங்கே செல்லுமா, மனைவிக்கு வேலை உண்டா, குழந்தையைப் பார்த்துக் கொள்வது யார் என்று விசாரிக்க வேண்டும். அதற்கு மேலும் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தத் தொகையை நிர்ணயித்தபோது, யாருக்கு நாற்காலி போட்டார்கள், யாரை வாசலில் நிறுத்தினார்கள் என்பதே அது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஸ்விட்ஸர்லாந்து வரையில் போக வேண்டியதில்லை. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாளுக்கு மாதக் கடைசியில் கொடுக்கும் தொகையை யார், எப்போது, எப்படி நிர்ணயித்தோம் என்று யோசித்துப் பார்த்தாலே போதும்.