பம்பர் அவருடையது, ஏணி யாருடையது?

அயல்நாடு சென்று பெரும்பொருள் ஈட்டியவர்களின் கதைகளுள் இன்று மிகுதியாகப் பேசப்படுவனவற்றில் ஒன்று திரு. ஷாகித் கான் அவர்களின் கதை. 1950இல் லாகூரில் பிறந்தவர். 1967இல், பதினாறு வயதில், அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துக்குப் படிக்கச் சென்றவர். முதல் இரவை வை.எம்.சி.ஏ. விடுதியில் கழித்துவிட்டு, மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் 20 சதக் கூலிக்குக் கோப்பை கழுவப் போனவர். இன்றோ, மோட்டார் வாகனப் பாகங்கள் செய்யும் ஃபிளெக்ஸ்-என்-கேட் தொழிற்சாலைகளின் அதிபர். ஜக்சன்வில் நகரின் ஜகுவார்ஸ் என்னும் அமெரிக்க உதைபந்தாட்டக் கழகத்துக்கும், லண்டன் ஃபுல்ஹாம் உதைபந்தாட்டக் கழகத்துக்கும் உடைமையாளர். 2012இல் ‘ஃபோர்ப்ஸ்’ சஞ்சிகை அவருடைய படத்தை அட்டையில் பொறித்து, அமெரிக்கக் கனவின் முகம் இதுவே என்று முழங்கிற்று.

முழக்கத்தின் பொருள் யாது? உழைத்தார், உயர்ந்தார், எவரிடமும் கையேந்தினாரில்லை, ஆகவே உயராதவன் உழையாதவன்! மேல்நாடு புறப்படும் நம் பிள்ளைகளின் காதிலும் இந்தப் பல்லவியே ஓதப்படுகிறது. அவர் உழைத்தார் என்பதை நாம் மறுக்கவில்லை. தனியே உயர்ந்தார் என்பதையே வன்மையாக மறுக்கிறோம்.

அவருடைய தொழிற்றிறனை முதலிற் சொல்லிவிடுவோம். அந்நாளில் லொறிகளின் பின்புற பம்பர் பல துண்டுகளை ஒட்டியும் பொருத்தியும் செய்யப்பட்டது. பாரம் அதிகம், பொருத்துவாய்களில் துரு பிடிக்கும், செலவும் கூட. ஒரே உருக்குத் தகட்டை அச்சிலிட்டு அழுத்தி ஒரே துண்டாக எடுத்தால் என்ன என்று கேட்டவர் பொறியியல் கற்ற இந்த இளைஞர். 1978இல் சொந்தத் தொழில் தொடங்கினார். 1980இல், தாம் முன்பு சம்பளத்துக்கு வேலை செய்த அதே ஃபிளெக்ஸ்-என்-கேட்டை விலைக்கு வாங்கினார். 1980களின் இறுதியில் ரொயோட்டாவின் அமெரிக்க வாகனங்களுக்கு பம்பர் கொடுப்பவர் அவர் ஒருவரே என்னும் நிலை வந்தது. இதில் ஏமாற்றில்லை, எத்தில்லை. நல்ல பொருளை மலிவாகச் செய்தார், வாங்கினார்கள். இத்தகைய வாணிகத்தை எவர் பழிப்பார்?

ஆயின் அந்தத் தகட்டை அழுத்துமுன் அவர் ஏறிவந்த படிகளை ஏன் எண்ணிப் பார்க்க மறுக்கிறார்கள்?

அவர் கற்ற இலினோய்ப் பல்கலைக்கழகம் 1867இல் நிறுவப்பட்டது. அவர் அங்கு அடிவைத்ததற்குச் சரியாக நூறாண்டு முன்னர்! அதற்கு வித்திட்டது 1862ஆம் ஆண்டின் மொறில் சட்டம். கமத்தொழிலும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகள் எழும்பட்டும் என்று அரசாங்கம் பொதுநிலத்தை மாநிலங்களுக்குப் பகிர்ந்தளித்த சட்டம் அது. உழவன் மகனும் கொல்லன் மகனும் படிக்க வேண்டுமென்று ஒரு தலைமுறை விட்டுச்சென்ற அறச்சொத்திலேதான் லாகூர்ப் பையன் பொறியியலாளன் ஆனான். தொழில் தொடங்கியபோது கையிலிருந்த சேமிப்பு 16,000 டொலர். சிறுதொழிலாளருக்கென ஏற்பட்ட கடன் ஏற்பாட்டினால் கிடைத்தது 50,000 டொலர். அதன் பின்னர், அச்சுகளை விரைவாக மாற்றும் முறையையும் வேலையை ஒழுங்கு செய்யும் முறையையும் ரொயோட்டா நிறுவனம் தன் வினைஞரை அனுப்பியே அவருடைய பட்டறைக்குக் கற்பித்தது. குளத்து நீர் பாய்ந்த வயலில் நின்றுகொண்டு, இது முழுதும் என் கலப்பையின் விளைவு என்று எந்தக் கமக்காரனும் சொல்லமாட்டான். சொன்னால் ஊர் சிரிக்கும்!

வாயிலின் அருமை அவருக்கும் தெரியும். 2017இல் அதிபர் டிரம்பின் பதவியேற்பு விழாவுக்குப் பத்து இலட்சம் டொலர் கொடுத்தவரே, சில முஸ்லிம் நாட்டு மக்கள் உள்ளே வரலாகாது என்று அதே அதிபர் தடை விதித்தபோது எதிர்த்துப் பேசினார். அவ்வாண்டு செப்டெம்பரில் வெம்பிளி மைதானத்திலே, அதிபரின் வசைக்கு ஆளான விளையாட்டு வீரர்களோடு கைகோத்தும் நின்றார். அது நன்று.

இனி விளையாட்டுக்கு வருவோம். அவருடைய கதையைப் பாடுவோர் மிக விரைவாகக் கடந்துசெல்லும் இடம் இது.

2012 தொடக்கத்தில் ஜகுவார்ஸ் கழகம் அவர் கைக்கு வந்தது. சிறுபான்மை இனத்தார் ஒருவர் அந்நாட்டுத் தேசிய உதைபந்தாட்டக் கழகமொன்றுக்கு அதிபரானது அதுவே முதன்முறை. அதை நாம் மகிழ்ந்து வரவேற்கிறோம். ஆனால் அவர் உள்ளே நுழைந்த கூடம் எத்தகையது? முப்பத்திரண்டு கழகங்கள்; தொலைக்காட்சியினால் வரும் நாடளாவிய வருமானம் முப்பத்திரண்டுக்கும் சமபங்கு. தோற்றவனைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளுவதில்லை. மாறாக, கடைசியாக வந்தவனுக்கே மறு ஆண்டு புதிய வீரரைத் தெரிந்தெடுப்பதில் முதல் உரிமை! 2012 முதல் 2016 வரையான ஐந்து பருவங்களில் ஜகுவார்ஸ் ஆடிய ஆட்டங்கள் 80, வென்றவை 17. 2017இல் ஒருமுறை தலைநிமிர்ந்தது. 2020இல் 16 ஆட்டங்களில் ஒன்றே ஒன்று வென்றது. கழகத்தின் விலை சரிந்ததா? ஏறத்தாழ 77 கோடி டொலருக்கு வாங்கிய கழகம் இன்று பன்மடங்கு விலை பெறும். பம்பர் பழுதானால் ரொயோட்டா திருப்பி அனுப்பியிருக்கும். பழுதான ஆட்டத்தைத் திருப்பி அனுப்ப ஜக்சன்வில் மக்களுக்கு வழியுண்டா?

இங்கிலாந்தில் வழியுண்டு. 2013இல் அவர் ஃபுல்ஹாமை வாங்கினார். அந்தப் பருவத்திலேயே மூன்று முகாமையாளர்கள் மாறினார்கள். 2014இல் கழகம் பதின்மூன்று ஆண்டுகளாக இருந்த முதற்பிரிவை விட்டு இறங்கிற்று. பின்னர் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. 2022இல் ஏறி நிலைத்தது. அங்கே தோல்விக்கு விலை உண்டு. அந்த விலையை அவரும் கொடுத்தார். ஒரே மனிதர், ஒரே பணம். ஒரு நாட்டில் சந்தை, மறு நாட்டில் மடம். போட்டியினால் உயர்ந்தவர் என்று அவரைப் போற்றுவோர், போட்டியே தீண்டாத மடத்திலேதான் அவருடைய செல்வம் சோம்பியிருந்து வளர்கிறது என்பதை ஏன் சொல்வதில்லை?

வளர்ந்த செல்வம் அடுத்தபடி எங்கே கைநீட்டியது? 2021 ஜனவரியில், விளையாட்டரங்கின் அயலிலே வீடுகளும் விடுதிகளும் கேளிக்கைக் கூடங்களும் எழுப்ப, இருபது கோடி டொலருக்கு மேற்பட்ட பொதுப்பணத்தை அவரும் பங்காளிகளும் வேண்டினர். மாநகரசபையில் பதின்மூன்று வாக்கு வேண்டியிருந்தது, பன்னிரண்டே கிடைத்தது. ஏழு பேர் அஞ்சாமல் எதிர்த்தனர். 2024 ஜூன் மாதத்திலோ நிலைமை வேறு. அரங்கைப் புதுக்கும் 140 கோடி டொலர்த் திட்டத்தில் நகரத்தின் பங்கு 77.5 கோடி, கழகத்தின் பங்கு 62.5 கோடி. பதினான்கு பேர் ஆம் என்றனர். ஒருவரே இல்லை என்றார். இடையில் நேர்ந்த மாற்றம் யாது? குத்தகை முடியும் காலம் நெருங்கியது. கழகமோ 2013 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் லண்டனுக்குச் சென்று ஓர் ஆட்டமேனும் ஆடி வந்தது. அது ஜக்சன்வில்லைப் பலப்படுத்தவே என்று திரு. கான் சொல்லிவந்தார். இருந்தும், எங்கள் கழகம் எங்களைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் அந்நகரத்தாரின் அடிவயிற்றில் இருந்துகொண்டேயிருந்தது. அச்சத்தின்மீது எழுதப்படும் உடன்படிக்கையை ஒப்புரவு என்பதா?

அரங்கு நகரத்தின் சொத்துத்தானே, செலவு மிஞ்சினால் கழகம்தானே ஏற்கிறது, முப்பதாண்டுக் குத்தகையும் எழுதியாயிற்றே என்று அவர் பக்கம் நிற்போர் வாதிப்பர். மூன்றும் உண்மை, மறைக்கமாட்டோம். அரங்கின் உறுதி நகரத்தின் பெயரில் இருக்கிறது. ஆனால் அரங்கு எழ எழ விலை உயர்வது கழகம் அல்லவா? கழகத்தின் உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது? 77.5 கோடி கொடுத்த நகரத்துக்கு அந்த விலையேற்றத்தில் ஏன் பங்கில்லை? ஒரு வாணிகர் இன்னொரு வாணிகரிடம் இத்தகைய பேரத்துக்குப் போயிருந்தால், பங்கு எழுதாமல் ஒரு சதமும் பெற்றிருக்க முடியாது. வாணிகம் கற்றவருக்கு இது தெரியாததன்று.

இது நடவாத கனவு என்பார்க்கு விஸ்கொன்சின் மாநிலத்தின் கிறீன் பே நகரைக் காட்டுகிறோம். ஏறக்குறைய ஓர் இலட்சம் மக்கள் வாழும் சிற்றூர். சுற்றிலும் பாற்பண்ணை நாடு. அதன் பக்கர்ஸ் கழகம் 1923 முதல் பொதுமக்கள் பங்கு எடுத்து நடத்தும் கழகம். இன்று பங்காளர் ஐந்து இலட்சத்துக்கும் மேல். எவருக்கும் இலாபப்பங்கு கிடையாது. எவரும் கழகத்தைத் தூக்கிக்கொண்டு வேற்றூருக்கு ஓடவும் முடியாது. இருந்தும் வெற்றிகளில் அது எந்தக் கோடீஸ்வரனின் கழகத்துக்கும் இளைத்ததன்று. இந்த நல்ல முறையை மற்றைய ஊர்களும் கைக்கொள்ளாதவாறு சட்டம் செய்து வைத்திருப்பவர்கள் யார்? அதே முப்பத்திரண்டு கழகங்களின் சங்கம்!

திரு. கான் அந்தச் சங்கத்தில் ஓர் ஆசனம் உடையவர். ஏணியின் அருமை அறிந்தவர் என்ற முறையில், அந்த விதியை நீக்கும்படி அவர் ஒருமுறையேனும் எழுந்து கேட்கலாம். ஜக்சன்வில் மாநகரசபையாவது கழகத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தன் மக்களின் பெயரில் எழுதித் தரும்படி கேட்டிருக்கலாம். 2028இல் புது அரங்கைத் திறக்க எண்ணியிருக்கிறார்கள். அன்று அதைக் கட்டக் காசு கொடுத்த வரியிறுப்பாளர் வாயிலில் வரிசையில் நின்று, நுழைவுச்சீட்டுக்கு இன்னொருமுறை காசு கொடுத்தே உள்ளே போவார்.