விடுவிப்போடு முடிவதில்லை நம் பொறுப்பு

முப்பது வயதுக்காரர் ஒருவர் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறார். மது, புகை, சர்க்கரை, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என எல்லாம் கேட்கிறோம். பதினைந்து வயதில் எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்பதை உணர்த்துகிறது, இளவயதுச் சிறைவாசம் பிற்கால உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்று 2017இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் எலிசபெத் பார்னெர்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் 14,000க்கும் மேற்பட்டோரைப் பதின்பருவம் முதல் தொடர்ந்து கவனித்துத் திரட்டிய தரவே அதற்கு அடிப்படை. தொடக்கத்தில் இருந்த உடல்நிலையைக் கணக்கில் கொண்ட பிறகும், அடைபட்டிருந்த காலம் நீள நீளப் பாதிப்பு கூடியது. ஒரு மாதத்துக்கும் குறைவாக இருந்தவர்களிடமே பிற்காலத்தில் மனச்சோர்வு அறிகுறிகள் அதிகம். ஓராண்டைத் தாண்டியவர்களிடம் அன்றாட வேலைகளில் முடக்கமும் தற்கொலை எண்ணமும் கூடின.

அமெரிக்கச் சிறையும், வழக்கில் சிக்கிய சிறார்களை வைக்கும் கேரளத்தின் பூஜப்புரையிலுள்ள கூர்நோக்கு இல்லமும் ஒன்றல்ல. அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் வீட்டைப் பிரிந்த இரவுகளும் அறுந்துபோன படிப்பும் ஊராரின் ஏச்சும் இங்கும் உண்டு. நம் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும் இல்லத்தில் வைப்பதைக் கடைசி வழி என்றே சொல்கிறது. பிணையை விதியாகவும் மறுப்பை விலக்காகவும் வைத்திருக்கிறது. கேரளம் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு இத்தகைய சிறார்களுக்காக நடத்தும் ‘காவல்’ திட்டத்தில் சமூகப் பணியாளர் சிறுவனின் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய், அவனோடும் குடும்பத்தோடும் வேலை செய்கிறார். மருத்துவத் துறை இத்திட்டத்தோடு இன்னும் நெருங்கிக் கைகோக்க வேண்டும்.

நம்மால் ஆகக்கூடியவை மூன்று. இல்லத்தில் சேரும்போது செய்யும் பரிசோதனை வயதையும் காயத்தையும் குறிப்பதோடு நிற்காமல், தூக்கம், போதைப் பழக்கம், தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றையும் பார்க்கட்டும். விடுவிக்கும் நாளில் மருந்துச் சீட்டும், வீட்டருகே உள்ள குடும்ப சுகாதார மையத்தில் அடுத்த சந்திப்புக்கான தேதியும் அவன் கையில் இருக்கட்டும். பெரியவர்களிடம் குழந்தைப்பருவம் பற்றித் தனிமையில், கனிவாகக் கேட்போம். என்ன வழக்கு என்று கேட்கத் தேவையில்லை. பழைய பதிவுகளை அழித்து அவர்களுக்குப் புது வாழ்வு தரவே சட்டம் முயல்கிறது; நம் கேஸ் ஷீட் அந்தப் பழியை மீண்டும் எழுதிவிடக் கூடாது.

இளமையில் பட்ட பாடு நாற்பதில் நோயாக வந்து நிற்கும்வரை காத்திருப்பது மருத்துவம் ஆகாது. விடுவிப்புக்குப் பிந்தைய முதல் ஆண்டையே சிகிச்சைக் காலமாகக் கொள்வோம்.