பஸ் மாறாது, பொருள் மாறும்

ல, ள, ழ வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வெட்டி வேலை என்று வாதிடுகிறவர், எங்கள் ஊரையே சாட்சிக்கு இழுத்திருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் மலைமேல் நிற்பவர் சீனிவாசப் பெருமாள். வடக்கே இருக்கும் திருவண்ணாமலையில் அருணாசலேசுவரர். பெயர் ஒன்றாக இருந்தும் யாரும் பஸ் மாறி ஏறுவதில்லையாம். இடம் பார்த்தே பொருள் விளங்கும்போது எழுத்து எதுவானால் என்ன என்கிறார்.

சாட்சி அவருக்கே எதிராகப் பேசுகிறது. பெயர் ஒன்றாகிப் போனதால்தானே வெளியூரில் வாயைத் திறந்தாலே ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல’ என்று ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது? ஊர்ப்பெயர் விஷயத்தில் நமக்கு வேறு வழியில்லை. வலி, வளி, வழிக்குத் தனித்தனி எழுத்து கையிலிருக்க, அவற்றைக் குழப்பிவிட்டு ‘இடம் பார்த்துக் கண்டுபிடி’ என்பது என்ன நியாயம்?

இந்தப் பக்கம் யார் ழகரம் உச்சரிக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், இங்கே மழை ‘மளை’, பழம் ‘பளம்’. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒலி தாய்மொழியிலேயே கிடையாது. காதில் விழாததைப் பள்ளிக்கூடமும் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? அதுவும் ஆண்டாள் ஊரில்! மார்கழியில் பிள்ளைகள் பாடும் திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் ழகரம் 11 முறை வருகிறது. அங்கே ஆழி ஓரிடத்தில் கடல், ஓரிடத்தில் சக்கரம். அதைப் பிரிக்க இடம் பார்க்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அது ‘ஆளி’ ஆனால் சிங்கம் வந்து நிற்கும். ‘ஆலி’ ஆனாலோ ஆலங்கட்டி. மழைப் பாட்டில் ஆலங்கட்டியும் பொருந்தித்தானே போகும்? இடம் பார்க்கச் சொன்னவர் இங்கே எதைப் பார்ப்பார்?

மிச்சத்தை செல்போன் திருத்திவிடுமாம். கறி என்பதற்குக் கரி என்று எழுதி அரை கிலோ வாங்கிவரச் சொல்லுங்கள். இரண்டும் நல்ல தமிழ்ச் சொல், எழுத்துப்பிழை என்று எந்தக் கோடும் விழாது.

மயங்கொலிச் சொற்களைப் பட்டியலாக ஒப்பிக்க வைப்பது பிள்ளைகளைச் சலிக்கடிக்கிறது என்ற ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறார். நாக்கு எங்கே போக வேண்டும் என்று காட்டாமல் பட்டியலை நீட்டினால் சலிக்காமல் என்ன செய்யும்? தொல்காப்பியத்தின் பிறப்பியல் அதைத்தான் சொல்கிறது: நுனிநா மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் ழ, நாவிளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைச் சேர, அண்ணத்தை ஒற்றினால் ல, வருடினால் ள. இதை வகுப்பில் செய்துகாட்ட ஒரு கண்ணாடி போதும். பட்டியலை நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தால் நானே முதல் கையெழுத்துப் போட்டிருப்பேன். பாடத்தையே நிறுத்தச் சொல்கிறார். அதையும் ஒரு ழகரம்கூடப் பிசகாமல் எழுதியிருக்கிறார்.