வீட்டுக்குள் எரியும் சூரியன்: கஞ்சாச் சட்டங்கள் கணக்கிட மறந்த செலவு

ஜேர்மனியில் 2024 ஏப்ரல் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், வயதுவந்த ஒருவர் தனது சொந்தப் பாவனைக்காக மூன்று கஞ்சாச் செடிகளை வீட்டில் வளர்ப்பதற்கு இடமளித்துள்ளது. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 ஆம் திகதி முதல் ஒரு வீட்டில் நான்கு செடிகள் வரை வளர்க்க முடியும். எனினும் அந்நாட்டின் கியூபெக் மாகாணம் வீட்டு வளர்ப்பை முற்றாகத் தடைசெய்துள்ளதுடன், அத்தடை செல்லுபடியாகும் எனக் கனேடிய உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது. இச்சட்டங்கள் தொடர்பான வாதப்பிரதிவாதங்கள் பெரும்பாலும் இளைஞர்களின் உடல்நலம், கறுப்புச் சந்தை, வரி வருமானம் என்பவற்றையே சுற்றி வந்தன. அச்செடி எங்கே, எவ்வளவு மின்சாரத்தைக் கொண்டு வளர்க்கப்படப் போகின்றது என்ற கேள்வி பின்தள்ளப்பட்டு விட்டது.

கஞ்சா இயல்பில் வெயிலில் வளரும் ஒரு பயிர். அதனை வீட்டுக்குள் கொண்டுவந்ததில் சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. கலிபோர்னியாவில் 1983 ஆம் ஆண்டு முதல் ஹெலிகொப்டர்களின் துணையுடன் மலைக்காடுகளில் தேடுதல் நடத்தப்பட்டுச் செடிகள் பிடுங்கி அழிக்கப்பட்டன. வானத்திலிருந்து நோக்கும் கண்ணுக்குத் தப்புவதற்காகப் பயிர் நிலவறைகளுக்குள்ளும் யன்னல் அடைக்கப்பட்ட அறைகளுக்குள்ளும் சென்றது. பின்னர் பல மாநிலங்கள் அதனைச் சட்டபூர்வமாக்கிய போதிலும் பயிர் முழுமையாக வெளியே வரவில்லை. ஒரு மாநிலத்தின் விளைச்சலை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டு செல்வதைக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்வதால், கலிபோர்னியாவின் வெயிலில் விளைந்தது பனி கொட்டும் மசாசூசெற்ஸுக்குச் செல்ல வழியில்லை. அங்குள்ளவர்கள் தமக்கென ஒரு சூரியனைக் கட்டடத்துக்குள்ளேயே எரிக்க வேண்டியுள்ளது.

இந்தச் செயற்கைச் சூரியன் தனியே வருவதில்லை. மின்குமிழ் உள்வாங்கும் மின்சாரம் ஒளியாகப் பிறந்தாலும் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே அவ்வறையில் தங்குகின்றது. செடியோ, வேரால் உறிஞ்சும் நீரின் பெரும்பகுதியை இலைகளின் வழியாக மீண்டும் காற்றில் விடுகின்றது. வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டியும் ஈரப்பதனை அகற்ற இன்னொரு இயந்திரமும் தேவைப்படுகின்றன. ஈரப்பதனை அகற்றும் இயந்திரம் தானும் வெப்பத்தை உமிழ, குளிரூட்டியின் சுமை மேலும் கூடுகின்றது. ஒரு வசதிக்காக வைத்த இயந்திரம் இன்னோர் இயந்திரத்தை வேண்டி நிற்கும் நிலை இது.

இதன் மொத்த விலை சிறியதல்ல. அமெரிக்க ஆய்வாளர் எவன் மில்ஸ் 2012 இல் வெளியிட்ட ஆய்வு, உள்ளக வளர்ப்பு அந்நாட்டின் மொத்த மின்சாரப் பாவனையில் சுமார் ஒரு வீதத்தை உறிஞ்சுவதாகவும் அதற்கான செலவு ஆண்டுக்கு 600 கோடி டொலர் எனவும் மதிப்பிட்டது. அவ்வறைகளின் ஒளியை அவர் வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சைக் கூடங்களின் ஒளிக்கு ஒப்பிட்டார். கொலராடோ அரச பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 இல் வெளியிட்ட கணிப்பின்படி, ஒரு கிலோகிராம் உலர்ந்த பூவை உள்ளகத்தில் உற்பத்தி செய்வதனால் இடத்தைப் பொறுத்து 2,283 முதல் 5,184 கிலோகிராம் வரையான காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயுக்கள் வெளியாகின்றன. இதில் விளக்குகளுடன், அறையின் வெப்பத்தையும் ஈரப்பதனையும் சீராக வைத்திருக்கும் ஏற்பாடுகளுக்கும் பெரும் பங்குண்டு என்பது கவனிக்கத்தக்கது. விளக்கை மாத்திரம் மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும் என எண்ணுவோர் இதனை மனதிற்கொள்ள வேண்டும்.

பெரிய தொழிற்கூடங்களின் நிலை இதுவெனில், சாதாரண குடியிருப்பு வீட்டின் நிலை வேறொரு வகையில் மோசமானது. வீட்டின் மின்கம்பிகள் சமையலுக்கும் விளக்குக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏற்றவாறு போடப்பட்டவை. பல மணிநேரம் ஓய்வின்றி ஓடும் பாரத்துக்காக அல்ல. சட்டவிரோதமாக வளர்ப்போர் மின்மானியைத் தவிர்த்துத் திருட்டு இணைப்புக் கொடுக்கும்போது தீ விபத்தின் அபாயம் பன்மடங்காகின்றது. வெளியேற வழியின்றிச் சுவரில் படியும் ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கின்றது. அது செடியிலும் பற்றுமாயின், நோயெதிர்ப்புச் சக்தி குன்றிய நோயாளர் அதனைப் புகைக்கும்போது நுரையீரலில் கடுந்தொற்று ஏற்படலாம். அடுத்த வீட்டாரும் பின்னர் அங்கு குடிவருவோரும் தாம் தெரிவு செய்யாத ஓர் ஆபத்தைச் சுமக்க நேரிடுகின்றது.

இன்னுமொரு விலையும் உண்டு. அது வீட்டின் அந்தரங்கம். ஒளியைத் திரைபோட்டு மறைக்கலாம். வெப்பத்தை மறைக்க முடியாது. ஒரெகன் மாநிலத்தில் ஒரு வீட்டின் சுவர் வெப்பத்தைத் தெருவில் நின்றபடியே கருவியால் அளந்து அதனை ஆதாரமாக்கிய வழக்கில், நீதிமன்ற ஆணையின்றி அவ்வாறு செய்வது அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உயர் நீதிமன்றம் 2001 இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆனால் ஆகாயத்திலிருந்து வீட்டின் வெப்பத்தை அளந்தமை தொடர்பில் கனேடிய உயர் நீதிமன்றம் 2004 இல் ஏகமனதாக எதிர்முடிவுக்கு வந்தது. 2006 இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், வழமைக்கு மாறாக அதிக மின்சாரம் பாவிக்கும் வீடுகளின் விபரங்களை உள்ளூராட்சி சபைகள் பெற்றுக்கொள்ளச் சட்டமியற்றியது. எனினும் ஆணையின்றி அவ்வீடுகளுக்குள் நுழைந்து பரிசோதிப்பது செல்லாது என அம்மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010 இல் கூறியது.

வெப்பம் எவ்வளவு என்பதைக் கருவி சொல்லும். எதற்காக என்பதைச் சொல்லாது. 2021 மே மாதம் இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பொலிஸார் கஞ்சாக் கூடமென நம்பி ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தைச் சோதனையிட்டபோது, உள்ளே பிற்கொயின் கணினிகளே திருட்டு மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அங்கு குற்றமொன்று இருந்தது உண்மை. சந்தேகித்த குற்றம் அதுவல்ல. குற்றமே இல்லாத வீடொன்றின் கதவும் இவ்வாறு தட்டப்படலாம் என்பதை மறுக்க இயலாது.

சில ஆட்சியாளர்கள் இச்செலவைக் கணக்கில் எடுக்கத் தொடங்கியுள்ளனர். மசாசூசெற்ஸ் மாநிலம் பெரிய வளர்ப்புக் கூடங்களின் விளக்குகளுக்குச் சதுர அடிக்கு 36 வொட் என உச்சவரம்பு விதித்தது. கொலராடோவின் போல்டர் மாவட்டம், மின்சாரப் பாவனையை ஈடுசெய்யும் நிதியமொன்றுக்கு வளர்ப்போர் பணம் செலுத்தச் செய்தது. எனினும் இவை உரிமம் பெற்ற கூடங்களுக்கானவை. வீட்டில் வளர்ப்போரைப் பொறுத்தவரை சட்டம் செடிகளை எண்ணுகின்றதேயன்றி, வொட்டுகளை எண்ணுவதில்லை.

இது நமக்கும் தூரத்துச் செய்தியல்ல. வடபகுதிக் கடற்கரைகளில் கேரள கஞ்சா கைப்பற்றப்படுவது அடிக்கடி வரும் செய்தியாகிவிட்ட இலங்கையில், ஏற்றுமதிக்காக மாத்திரம் அச்செடியை மீரிகமவில் வளர்ப்பதற்கு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதியளிக்கப்பட்டதாக 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதனால் வரும் அந்நியச் செலாவணி பற்றியும் சமூகச் சீரழிவு பற்றியும் பேசப்படுகின்றது. இரண்டும் பேசப்பட வேண்டியவையே. ஆயினும் மீரிகம ஈரவலயத்தைச் சேர்ந்தது. அங்கு வெயில் இலவசமாகக் கிடைத்தாலும், மூடிய கட்டடத்துக்குள் வளர்ப்பதாயின் ஈரப்பதனோடும் வெப்பத்தோடும் ஆண்டு முழுவதும் மின்சாரத்தால் போராட வேண்டியிருக்கும். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டை அனுபவித்த மக்கள், அந்த மின்சாரம் எங்கிருந்து, எந்தக் கட்டணத்தில் வழங்கப்படும் என்று கேட்பது நியாயமானதே.

கஞ்சாவை அனுமதிப்பதா தடுப்பதா என்பது ஒவ்வொரு நாடும் தனது மக்களின் நலனையும் நெறிகளையும் கருதி எடுக்க வேண்டிய முடிவு. எம்முடிவை எடுத்தாலும், ஒரு செடியை வெயிலிலிருந்து அறைக்குள் தள்ளும் சட்டம் அவ்வறையின் மின்பட்டியலுக்கும், அயலவரின் பாதுகாப்புக்கும், வீட்டின் அந்தரங்கத்துக்கும் பொறுப்புக் கூற வேண்டும். அச்செலவைச் சட்டமியற்றுவோர் முன்கூட்டியே கணக்கிடாவிடின், அதனைச் செலுத்தப் போவது அச்செடியைக் கண்ணாலும் காணாத மக்களேயாவர்.